என்ரை படம்

லெனாட்டைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைத் திட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அவன் வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் ஒருவரிடம் உரிமை கேட்டுக் கடிதம் போட்டான். அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்தவன் நான். என் பெயர் கொலின்ஸ், யாழ்ப்பாணம் டவுனில் பனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியம், தேர்தல், செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் சனம் என்னிடம்தான் வரும். தேர்தல்காரர் கடன் சொல்லுவார்கள், செத்தவீட்டுக்காரர் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள்.

லெனாட் குருநகரில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கு. அவனுடைய அப்பா லியோன் நல்ல தொழிலாளி, காற்றைப் பார்த்தே வலை போடுகிறவர். ஆனால் மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் கரை மறைய முன்னமே குடலைப் புரட்டிச் சத்தி எடுப்பான். கடற்காரன் வீட்டில் இதைவிடப் பெரிய பகிடி என்ன இருக்கிறது? ஊரே சிரித்தது. லியோன் மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் அவனைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் டவுனிலிருந்த ஸ்டூடியோ ஒன்றில் விட்டார். 'இவனைத் தரையிலை வைச்சிருங்கோ' என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாராம்.

அந்த ஸ்டூடியோவில் லெனாட் இருபது வருடம் இருந்தான். அவன் எடுத்ததில் முக்கால்வாசி அடையாள அட்டைப் படங்கள். சண்டை முடிந்த கையோடு அட்டை தொலைத்த சனம் வரிசையில் நின்றது. காது தெரிய வேண்டும், பல்லுத் தெரியக் கூடாது, கழுத்துச் சங்கிலி மினுங்கக் கூடாது. ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு அவன் சொன்ன வாசகம் ஒன்றுதான்: "சிரியாதேங்கோ." அந்தச் சனத்துக்கு அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ஒரே ஒருவருக்குத்தான் அதை நாலு தரம் சொல்ல வேண்டி வந்தது. அவர் பெயர் செல்வநாயகம், மயிலிட்டிக்காரர். தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் ஊரைப் பிடித்தபோது ஓடி, முகாம் முகாமாகத் திரிந்து, கூலிக்கு வேறு ஆட்களின் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார். அட்டை உப்புத்தண்ணியில் ஊறி எழுத்து அழிந்துவிட்டது. அட்டை இல்லாமல் அந்த நாளில் கடலுக்கு இறங்க ஏலாது. முகமே சிரிப்பில் வார்த்த மாதிரி அவருக்கு. முன்பல் ஒன்று உடைந்திருக்கும், வாயை மூடினாலும் கண் சிரிக்கும். மூன்று படம் பழுதாய்ப் போனது.

"அண்ணை, அரசாங்கத்துக்கு உங்கடை சிரிப்புத் தேவையில்லை. ஒருக்கால் செத்தவீட்டை நினைச்சுக்கொண்டு இருங்கோவன்" என்று லெனாட் எரிந்து விழுந்தான்.

நாலாவது படத்தில் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். காசைக் கொடுக்கும்போது, "சிரிக்காமல் எடுத்தாலும் அதே காசோ தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். லெனாட் அன்று முழுக்க அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஆறு வருடத்துக்குப் பிறகு மயிலிட்டித் துறைமுகத்தை ஆமி விட்டது. இருபத்தேழு வருடம் கழித்துச் சனம் தங்கள் காணியைத் தேடிப் போன அந்தக் கிழமை, லெனாட்டும் கமராவைத் தூக்கிக்கொண்டு போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, யாரும் காசு கொடுக்கவும் இல்லை. பற்றைக்குள் ஓர் அத்திவாரத்தின் மேல் ஓராள் தனியாக நின்றார். லெனாட்டைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார்.

"தம்பி, இப்ப சிரிக்கலாமோ?"

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். காலடியில் இடிந்த சீமெந்து, பின்னால் எருக்கலை, நடுவில் உடைந்த பல்லோடு ஒரு மனிதன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை என்பதைக் கண்டவன் சிரிக்கிற சிரிப்பு அது.

அன்றே இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். காகிதத்தில் அல்ல, வாயால்தான். "நான் கடல் காட்டுறன், நீ படம் எடு. எங்களுக்குள்ளை காசுக் கதை வேண்டாம்" என்றார் செல்வநாயகம். மூன்று வருடம் அது நடந்தது. கிழமைக்கு ஒருநாள் லெனாட் விடியப்புறம் மோட்டார்சைக்கிளில் மயிலிட்டிக்குப் போவான். வள்ளத்தில் ஏறுவான், சத்தி எடுப்பான். செல்வநாயகம் தேசிக்காய் ஒன்றைக் கீறி அவன் மூக்கில் பிடிப்பார். வயிறு அடங்கியதும் படம் எடுப்பான். அப்பாவோடு போகாத கடலுக்கு அவன் செல்வமண்ணையோடுதான் போனான்.

எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டுக் கொடுப்பான். செல்வநாயகத்தின் மனைவி தங்கமுத்து அக்கா அவற்றை ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைத்திருந்தா. அந்த வீட்டில் அதற்கு முன் படம் என்று ஒன்று இருந்ததில்லை. "கலியாணப் படம் அலுமாரிக்குள்ளை கிடந்தது. அலுமாரி வீட்டுக்குள்ளை கிடந்தது. வீடு ஆமிக்குள்ளை கிடந்தது" என்று ஒருநாள் எனக்குச் சொன்னா. ஒரு படத்தை மட்டும் லெனாட் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். ஓர் ஆள் நீள அறக்குளா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் எறிந்து செல்வநாயகம் சிரிக்கிற படம். புதிதாகக் கட்டிய வீட்டில், சாமிப் படங்களுக்கு நேரெதிர்ச் சுவரில், அதை மாட்டியிருந்தார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் செல்வநாயகம் விரலால் காட்டிச் சொல்லுவார்: "என்ரை படம்."

லெனாட்டும் அந்தப் படத்தைத்தான் தன் போனைத் திறந்தவுடன் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். கேட்டால் அவனும் அதையேதான் சொல்லுவான், என்ரை படம் என்று. ஒரே வாசகத்தை இரண்டு பேர் சொல்கிறார்கள், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். இதற்குள் ஒரு வம்பு படுத்துக் கிடக்கிறதென்று அப்போது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம், கொழும்பிலிருந்து ஒரு கம்பனி எனக்கு வேலை ஒன்று அனுப்பியது. மீன் வாங்கிப் பொதிசெய்து விற்கிற கம்பனி. நாற்பது அடி விளம்பரப் பலகை. கணினியில் திறந்து பார்த்தால் செல்வநாயகம் சிரித்துக்கொண்டு நிற்கிறார், தோளில் அறக்குளா. கீழே கம்பனியின் பெயர்.

நான் லெனாட்டைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான். வந்தவனுக்கு முதலில் சந்தோசம்தான், அதை நான் மறைக்கக் கூடாது. "என்ரை படம்டா! நாப்பது அடி!" என்று திரையைத் தடவிப் பார்த்தான். அந்தச் சந்தோசத்தோடு அவனை விட்டிருக்கலாம். விட்டேனா?

"நாப்பது அடியை வைச்சு நாக்கு வழிக்கப் போறியோ? ஓசியிலை போட்டிருக்கிறாங்கள். காசு கேள்" என்றேன்.

"செல்வமண்ணைதான் குடுத்திருப்பார் போலை. அவர் உவங்களுக்குத்தானே மீன் குடுக்கிறவர்."

"அவர் குடுக்கிறதுக்கு உது அவரின்ரை படமே?"

லெனாட் திரையிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெதுவாக, "அண்ணைக்குச் சோலி ஒண்டும் வராதே?" என்று கேட்டான்.

"நீ கேக்கிறது கம்பனியிட்டை. அண்ணையை ஆர் இழுக்கிறது? விசரன்."

கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் நான் சாதிப்பேன். சிநேகிதத்துக்கு எடுத்த படத்தை வைத்து ஒரு கம்பனி வியாபாரம் செய்தால், எடுத்தவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். கொத்தனாருக்குக் கொடுக்கிறார்கள், லொறிக்காரனுக்குக் கொடுக்கிறார்கள், பலகையை அடித்த எனக்கும் கொடுத்தார்கள். படம் எடுத்தவன் மட்டும் என்ன, பெருமையைச் சோறாகத் தின்கிறவனா? ஆனால் கேட்ட விதத்தில் என்னுடைய வாய்க்கொழுப்பு இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகக் கடிதம் அடித்தேன். கடைசியில் இப்படி முடித்தேன்: இப்படத்தையோ இவரால் எடுக்கப்பட்ட வேறு எப்படத்தையுமோ எழுத்துமூல அனுமதியின்றி எந்த வடிவத்திலும், எந்த இடத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் பாவிக்கக் கூடாது.

லெனாட் வாசித்துப் பார்த்துவிட்டு, "மூண்டு 'எந்த' வேணுமோடா?" என்று கேட்டான்.

"மூண்டு இருந்தால்தான் பயப்பிடுவாங்கள்."

பயந்துதான் இருப்பார்கள். மூன்று கிழமைக்குள் லெனாட்டின் கணக்குக்குக் காசு வந்தது. பலகையில் வேறு படம் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் கொத்துரொட்டி சாப்பிட்டுக் கொண்டாடினோம். அவன் கனகாலம் ஆசைப்பட்ட லென்ஸ் ஒன்றை வாங்கினான், அந்த லென்ஸில் முதல் படம் செல்வமண்ணையைத்தான் எடுக்க வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு மயிலிட்டிக்குப் போனான்.

திரும்பி வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேத்தண்ணி கொடுத்தார்களாம், மீன் பொரித்துக் கொடுத்தார்களாம். சுவரில் படத்தைக் காணவில்லையாம், ஆணி மட்டும் இருந்ததாம். "சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போறம்" என்று தங்கமுத்து அக்கா சொன்னாவாம். லெனாட் கமராவைத் தூக்கியதும் செல்வநாயகம் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் பிடித்தாராம்.

"இனி வேண்டாம் தம்பி. முகம் கிழண்டு போச்சு."

"வெக்கப்படுறார்டா" என்று சொல்லி லெனாட் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு மடையர்கள் சேர்ந்தால் ஒரு ஆணியைக்கூடப் பார்க்கத் தெரியாது.

அதற்குப் பிறகும் அவன் போனான். வள்ளத்தில் ஏற்றினார், தேசிக்காய் கீறிக் கொடுத்தார், கதைத்தார். படம் மட்டும் எடுக்க விடவில்லை. கடலை எடு, வலையை எடு, என்னை விடு என்றார். போன வருடம் ஆவணி மாதம், கரைக்கு இழுத்த வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்தவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. அறுபது வயது.

லெனாட் அன்று மன்னாரில் ஒரு கலியாண வேலைக்குப் போயிருந்தான். காலையில் என் கடைக்கு வந்தது செல்வநாயகத்தின் மகன் கிருஷாந். கண்ணீர் அஞ்சலிப் பனர் அடிக்க வேண்டும், மயிலிட்டிச் சந்தியிலும் துறைமுக வாசலிலும் கட்ட என்றான். சட்டைப் பையிலிருந்து அப்பாவின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதிலை இருக்கிற படத்தைப் போடுங்கோ அண்ணை."

எனக்கு விளங்கவில்லை. "ஏன்ரா, லெனாட் எடுத்த படம் எத்தினை கிடக்கு? அறக்குளாப் படம் என்ரை கணினியிலையே கிடக்கு."

"அம்மா வேண்டாம் எண்டவ."

"துக்கத்திலை சொல்லியிருப்பா."

"இல்லை அண்ணை. எல்லாத்துக்கும் முதல் சொன்னதே அதைத்தான்."

நான் கடையைப் பூட்டிவிட்டு மயிலிட்டிக்கு ஓடினேன். செத்தவீட்டில் போய் நின்று படத்தைப் பற்றிக் கதைப்பது மரியாதை இல்லைதான். ஆனால் அந்த முகத்தை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தங்கமுத்து அக்கா தலைமாட்டில் இருந்தா. அழுது ஓய்ந்த குரல். நான் கிட்டக் குந்தி இருந்து மெல்லக் கேட்டேன். அவ மகளைப் பார்த்து, "ஆரபி, அந்தப் பேணியைக் கொண்டு வா" என்றா.

பிஸ்கற் பேணிக்குள் லெனாட்டின் படங்கள். அவற்றின் மேல், நாலாக மடித்த ஒரு காகிதம். விரித்தேன். நான் அடித்த கடிதத்தின் தமிழ்ப் பிரதி. அடியில் கம்பனிக்காரன் இரண்டு வரி சேர்த்திருந்தான்: மேற்படி நிபந்தனைக்கு உடன்படுகிறேன், படத்துக்காகக் கட்டிய பணத்தை என் கணக்கில் கழிக்கச் சம்மதிக்கிறேன். அதன் கீழே செல்வநாயகத்தின் கையெழுத்து, எழுத்து எழுத்தாக.

"படம் ஆரின்ரை எண்டு கம்பனிக்காரர் முந்திக் கேட்டவையாம். இவர் என்ரை படம் எண்டு சொல்லிக் குடுத்திட்டார். அவரின்ரை முகம்தானே தம்பி, வேறை என்ன சொல்லுறது? பேந்து இந்தக் கடிதத்தோடை வந்தாங்கள். பொய் சொல்லிப்போட்டீர் எண்டாங்கள். ஏழு மாதம் மீன்காசிலை கழிச்சவங்கள்."

"லெனாட்டுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"பொடியனுக்குத் தெரியப்படாது எண்டவர். தெரிஞ்சால் காசைத் திருப்பிக் கொண்டந்து தந்திடுவான், அது அவன்ரை உழைப்பு எண்டவர். எனக்கும் அந்தத் தம்பியிலை கோவமில்லை."

"அப்ப படத்தைப் போடுவம் அக்கா. அவன் ஒண்டும் சொல்லமாட்டான்."

அவ என் கையிலிருந்த காகிதத்தில் விரலை வைத்தா. வாசிக்கத் தெரிந்த மனுசி. கடைசி வரியில் மூன்றாவது 'எந்த'வில் விரல் நின்றது.

"எந்தக் காரணத்துக்காகவும் எண்டு போட்டிருக்கு தம்பி. சாவும் ஒரு காரணம்தானே? இவர் கையெழுத்து வைச்சவர். ஆள் செத்தாப்போலை கையெழுத்தும் செத்துப் போகுமே?"

அந்த வரியை எழுதினது நான் என்று அவவுக்குச் சொல்லவில்லை. அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. பேணியை மூடிக் கொடுத்துவிட்டு, கடைக்கு வந்து, அட்டையை ஸ்கான் பண்ணினேன். பிளாஸ்ரிக் சுருக்கம் ஒன்று கன்னத்தின் குறுக்கே ஓடியது. அரை மணித்தியாலம் இருந்து அதை அழித்தேன். இறுக்கி மூடிய வாயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரிதாக்கப் பெரிதாக்க அது இன்னும் இறுகியது. நான் செய்த வேலைகளிலேயே அழுதுகொண்டு செய்த வேலை அது ஒன்றுதான்.

லெனாட் மன்னாரிலிருந்து நேரே மயிலிட்டிக்கு வந்தான். சந்தியில் நான் காத்துக்கொண்டு நின்றேன். மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே பனரைப் பார்த்தவன், கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தான்.

"உதை ஏன்ரா போட்டனீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை, கழித்த காசை, பொடியனுக்குத் தெரியப்படாது என்றதை. அவன் என்னைத் திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவன் பனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலாவது தரம் எடுத்தது. செத்தவீட்டை நினைச்சுக்கொண்டு இருங்கோ எண்டு சொன்னனான்டா" என்றான். அதற்குப் பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். தரையில் நின்று அவன் சத்தி எடுத்ததை அன்றுதான் கண்டேன்.

செத்தவீட்டில் அவன் ஒரு மூலையில் நின்றான். கமராவை வெளியே எடுக்கவே இல்லை. அடுத்த கிழமை லென்ஸை விற்று, வந்த காசோடு போனான். தங்கமுத்து அக்கா வாங்கவில்லை. "அவர் வேண்டாம் எண்ட காசை நான் என்னெண்டு வாங்கிறது?" என்றாவாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் காரியம் முடிந்து வீட்டில் சாப்பாடு. நினைவு மலர் என் கடையில்தான் அச்சடித்தது, அட்டையில் அதே அடையாள அட்டைப் படம். லெனாட் என்னோடு வந்தான். அறக்குளாப் படத்தைப் புதிதாகப் பிரின்ட் போட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கூடவே ஒரு கடிதம். இந்த முறை நான் அடிக்கவில்லை, அவனே கையால் எழுதினான். நான் எடுத்த செல்வநாயகம் அண்ணையின் படங்கள் எல்லாம் அவருடைய படங்கள், அவருடைய வீட்டார் விரும்பியபடி பாவிக்கலாம். அவ்வளவுதான். ஒரு 'எந்த'வும் இல்லை.

தங்கமுத்து அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தா.

"வடிவா எழுதியிருக்கிறீர் தம்பி. முந்தி எழுதியிருந்தால் அவரும் வாசிச்சிருப்பார்."

கடிதத்தை மடித்து, பேணியைத் திறந்து, மற்றக் கடிதத்தின் மேல் வைத்தா. சட்டம் போட்ட படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, சுவரோடு சாத்தி வைத்தா. ஆணி அப்படியே இருந்தது. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், மாலை போட்டு, விளக்குக்கு முன்னால் இருந்தது அந்தச் சின்னப் படம்தான், வாயை மூடிக்கொண்டு.

லெனாட் அதைப் பார்த்தான். "அக்கா, அதை எடுத்துப்போட்டு இதை வைப்பம். அது அண்ணை மாதிரியே இல்லை" என்றான்.

"தெரியும் தம்பி. இவர் ஒருநாளும் அப்பிடி இருந்ததில்லை. ஆனால் அது கிடக்கட்டும்." மாலையை நேராக்கிவிட்டுச் சொன்னா: "அது இவர் காசு குடுத்து எடுத்தது. அதுதான் இவரின்ரை சொந்தப் படம். எடுத்தவனுக்கும் எங்களுக்கும் இனி ஒரு கதையுமில்லை."

லெனாட் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா" என்றான் அவன்.